பதினோராம் ரூமில் கரண்ட் பூஜ்யம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு 'இந்தப் பெண் கொஞ்சம் பொறுமையாக இருந்திருக்கலாமே' என்று யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். பொறுமையாக இருந்து பார்த்தேன். பத்து நிமிஷம் இருந்தேன்.

விருதுநகரில் எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்தவள் நான். பெயர் ஆர்த்தி. ஆனைக்குட்டம் பக்கத்தில் ஒரு பட்டாசு ஆபீசில் பாதுகாப்பு மேற்பார்வையாளராகச் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். மேஜை நாற்காலி எல்லாம் முன்னால் ஒரே ஒரு கட்டடத்தில்தான் இருக்கும். அதைத் தாண்டினால் பொட்டல் வெளியில் தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன ரூம்கள். ஒரு ரூமுக்கு நாலு பேர், அதற்கு மேல் கூடாது. வெடிமருந்து புழங்கும் அந்த ரூம்களில் பல்பு கிடையாது, ஃபேன் கிடையாது, சுவிட்ச் என்ற பேச்சே கிடையாது. பகல் வெளிச்சத்தில்தான் வேலை.

"பிறகு எலெக்ட்ரிக்கல் படிச்ச என்னை எதுக்கு எடுத்தீங்க?" என்று முதல் நாளே கேட்டேன்.

"கரண்டு உள்ள வந்துராமப் பாத்துக்கிடத்தாம்மா" என்றார் முதலாளி இராமகிருஷ்ணன். அவர் கேலி செய்யவில்லை. வெகு பவ்யமாகத்தான் சொன்னார்.

ஆனால் கம்பி வழியாக வராத கரண்டும் ஒன்று இருக்கிறது. நடக்கும்போது சேலை உரசி, தலை முடி உரசி, நம் உடம்பிலேயே சேர்ந்துகொள்ளும். வீட்டில் கதவுக் கைப்பிடியைத் தொட்டால் 'சுருக்' என்று கடிக்குமே, அது. வீட்டில் கடித்தால் கையை உதறிக்கொண்டு போய்விடலாம். மருந்து ரூமில் கடித்தால் உதறுவதற்குக் கை இருக்காது. அதனால் ஒவ்வொரு ரூம் வாசலிலும் சுவரில் ஒரு செம்புத் தகடு பதித்து, அதிலிருந்து ஒரு பட்டையை மண்ணுக்குள் இறக்கியிருக்கிறார்கள். உள்ளே போகும் முன் அதைத் தொட வேண்டும். உடம்பில் சேர்ந்தது மண்ணுக்குள் போய்விடும்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. தகடுகளுக்கும் மண்ணுக்கும் நடுவே மின்தடை எவ்வளவு என்று ரூம் வாரியாக அளந்து, ரிஜிஸ்டரில் எழுதி, நான் கையெழுத்துப் போட வேண்டும். தேறாத ரூமுக்கு சீல் வைத்துவிடுவார்கள். தீபாவளி சீசனில் ஒரு மருந்து ரூம் நின்றால் அதை நம்பியிருக்கும் மற்ற ரூம்களும் நின்றுபோகும்.

சனிக்கிழமை மதியத்தோடு வேலையை முடித்து, ரூம்களைக் காலி செய்து, கழுவிவிடச் சொன்னேன். தரை காய்வதற்குள் பேட்டரியும் மீட்டருமாகக் கிளம்பினேன்.

கணக்கு ரொம்பச் சுலபம். பேட்டரி பன்னிரண்டு வோல்ட். ஒரு கம்பி தகட்டுக்கு, இன்னொரு கம்பி ஆபீஸ் முகப்பில் புதைத்திருக்கும் பெரிய எர்த்துக்கு. நடுவில் மீட்டர். எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று பார்த்து, பன்னிரண்டை அதால் வகுத்தால் மின்தடை. முதல் ரூமில் மீட்டர் அரைக்கு மேல், 0.6 ஆம்பியர் காட்டியது. பன்னிரண்டை 0.6-ஆல் வகுத்தால் இருபது. இருபது ஓம். நல்ல தகடு.

முதலாளி ஐம்பதடி தூரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"ஏம்மா, பேட்டரிய வச்சு விளையாடுதியே, ஒண்ணும் ஆகாதுல்ல?"

"பன்னெண்டு வோல்ட்டை 0.6-ஆல பெருக்குங்க அண்ணாச்சி. ஏழே கால் வாட் கூட வரல. உங்க வீட்டுச் சாமி ரூம்ல எரியுற குட்டி பல்பு இதவிட அதிகம் சாப்பிடும்."

"எங்க வீட்டுச் சாமி ரூம்ல மருந்து கெடையாதேம்மா."

ரூமைக் கழுவியாயிற்று என்று மட்டும் சொன்னேன். அவர் தொட்டியை விட்டு நகரவில்லை.

இப்படியே பத்து ரூம் முடிந்தது. பதினெட்டு, இருபத்திரண்டு, இருபது என்று எல்லாம் ஒழுங்காக வந்தன. கடைசியாகப் பதினோராம் ரூமுக்கு வந்தேன். மீட்டரில் பூஜ்யம்.

கம்பியை ஆட்டினேன். பூஜ்யம். பேட்டரியை மாற்றினேன். பூஜ்யம். பன்னிரண்டைப் பூஜ்யத்தால் வகுக்கப் போனால் ஃபோன் கால்குலேட்டர் முடியாது என்று கைவிரித்தது. ஃபோனை ஆபீஸ் முகப்பில்தான் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதனால் இந்தக் கணக்குக்காக நானூறு அடி நடந்து போய்த் திரும்பி வந்தேன். கோபம் அங்கேயே தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

அந்த ரூமின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வந்து நின்ற முதலாளிக்கோ முகமெல்லாம் சிரிப்பு. "சைபரா? பாத்தியா! மத்த ரூம்லெல்லாம் கரண்டு ஓடுது, இங்கனதான் சுத்தமா இல்ல. இதுதான்மா இருக்கதுலயே பாதுகாப்பான ரூம்."

"அண்ணாச்சி, ஓடணும். மனுசங்க மேல சேர்ந்த கரண்ட் தகடு வழியா மண்ணுக்கு ஓடணும். இங்க வழியே இல்ல. மின்தடை எக்கச்சக்கம்."

"தடைன்னா நல்லதுதானே? கரண்டுக்குத் தடை போட்டாச்சு."

நாலு தலைமுறையாகக் கரண்டைக் கண்டு ஓடிய குடும்பம். அவருக்கு எப்படிப் புரிய வைப்பது என்று யோசித்துக்கொண்டே தகட்டை உற்றுப் பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன், நான் கிளிப்பை மாட்டியிருந்தது தகட்டிலேயே இல்லை.

தகட்டின் மேல் ஒரு மாரியம்மன் படம். காலண்டரில் வருகிற மாதிரி பளபளவென்று அச்சடித்து, தடியான பிளாஸ்டிக்கில் லேமினேட் செய்து, நான்கு ஓரமும் பசை வழியத் தகட்டை முழுக்க மூடி ஒட்டியிருந்தார்கள். மேலே சந்தனம், குங்குமம், ஒரு முழம் காய்ந்த மல்லிகை. தினமும் பார்த்த இடம்தான். வாசலில் ஒரு சாமி படம் என்று நினைத்தேனே தவிர, தகடு எங்கே என்று நான் தேடவில்லை.

"இத யார் ஒட்டினது?"

"நான்தான்" என்றார் முதலாளி, தொட்டிக்குப் பின்னாலிருந்து பெருமையோடு. "போன ஆயுத பூசைக்கு. மச்சான் பிரஸ்ல சொல்லி ஸ்பெசலா அடிச்சது. பிளாஸ்டிக்கே இருநூத்தம்பது மைக்ரான் தடிப்பு. மழை, வெயில், எண்ணெய், எதுவும் உள்ள போகாது."

"கரண்டும் போகாது அண்ணாச்சி!"

நான் கத்தியது கை கழுவிக்கொண்டிருந்த பெண்களுக்குக் கேட்டுவிட்டது. பதினோராம் ரூமின் நாலு பேரும் வந்தார்கள். முன்னால் பாலம்மாள். ஐம்பது வயது, அந்த ரூமின் மூத்த கை. அவள் சொன்னால் மற்ற மூவருக்கும் மறுபேச்சில்லை. பின்னால் கருப்பம்மாள், கையில் கழுவாத தூக்குவாளி. ஃபோர்மேன் சீனிச்சாமியும் வந்து ஓரமாக நின்றார்.

படத்தை உரிக்க வேண்டும் என்றேன். அவ்வளவுதான்.

"அம்மனத் தோலுரிக்கப் போறீகளா?" என்றாள் பாலம்மாள். "தெனமும் அவளத் தொட்டுக் கண்ணுல ஒத்திட்டுத்தான் நாங்க உள்ள போறோம். ஒம்பது வருசமா இந்த ரூம்ல ஒரு பொறி பறந்ததில்ல. இவ இந்தச் செம்புத் தகட்டுல இருக்க செம்பம்மா. எங்க கொலசாமிக்குக் கொறஞ்சவ இல்ல."

"அம்மா, அது சாமி இல்ல. செம்புத் தகடு."

"நீங்க சொல்லுதீக."

பத்து நிமிஷப் பொறுமை என்று சொன்னேனே, அது இங்கேதான். வோல்ட்டைச் சொன்னேன். ஆம்பியரைச் சொன்னேன். பெருக்கிக் காட்டினேன், வகுத்துக் காட்டினேன். எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் பாலம்மாள், "எதுக்கும் பூப்போட்டுப் பாத்துருவோம். அவ உத்தரவு குடுத்தா எடுத்துக்கோங்க" என்றாள்.

காய்ந்த மல்லிகையிலிருந்து ஒரு வெள்ளைப் பூ, வேலியோரத்திலிருந்து ஒரு சிவப்பு அரளி. இரண்டையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்தார்கள். பட்டாசுக்குப் பட்டாசு அச்சு மாறாமல் மடித்துப் பழகிய கைகள். எது எந்தப் பொட்டலம் என்று கடவுளுக்கே தெரிந்திருக்காது. வெள்ளை வந்தால் எடுக்கலாம், சிவப்பு வந்தால் கூடாது. படத்தின் முன்னால் குலுக்கிப் போட்டு, பாலம்மாள் கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். நான் சத்தியமாக வேண்டிக்கொண்டேன்.

அரளி.

முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு என்னருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "எம்மா, மத்த ரூமுக்கெல்லாம் இருபது இருபதுன்னுதானே வந்துச்சு? இதுக்கும் இருபதுன்னு போட்டுரு. அம்மன் மட்டும் என்ன மத்த தகட்டுக்குக் கொறச்சலா?"

"பொய் எழுத மாட்டேன் அண்ணாச்சி."

"பொய்யின்னு ஏன் நெனைக்க? உத்தேசம்னு நெனச்சுக்கோ. சீல் வச்சா சீசனே போச்சு. பெறகு எனக்கு சூப்பர்வைசரே தேவப்படாது."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குப் புரிந்தது. ரிஜிஸ்டரைத் திறந்தேன். பதினோராம் ரூமின் கட்டம் காலியாக இருந்தது. இருபது என்று எழுத ஒரு வினாடி போதும். பேனாவை எடுத்துவிட்டேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அப்போது பாலம்மாள் பழக்க தோஷத்தில் அந்தப் பிளாஸ்டிக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பொறுமை அத்தோடு போயிற்று.

"நீங்க அம்மனத் தொடவே இல்ல!" என்று கத்தினேன். "போன ஆயுத பூஜையிலிருந்து பத்து மாசமா, ஒரு நாள் கூட நீங்க அவளத் தொடல. பிளாஸ்டிக்கத்தான் தொட்டீங்க. பத்து மாசமா தொடாமத்தான் உள்ள போயிருக்கீங்க. நாலு பேரும். மருந்துகிட்ட."

கருப்பம்மாள் தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

சீனிச்சாமி தொண்டையைச் செருமினார். "பாலம்மா, நான் ஒண்ணு சொல்லணும். செம்பம்மான்னு ஒருத்தி கெடையாது. நான்தான் உண்டாக்குனேன். எண்ணிக்கைக்குக் கூலி, வாசல்ல நின்னு தகட்டத் தொட ஒருத்திக்கும் நேரமில்ல. எம்புட்டுச் சொல்லியும் கேக்கல. அதான் தகட்டுல அம்மன் எறங்கியிருக்கா, தொடாமப் போனா கோவிப்பான்னு கத கட்டிவிட்டேன். என்ன மன்னிச்சுருங்க."

ஒன்பது வருஷம் சுமந்ததை இறக்கி வைத்துவிட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார். பெண்கள் அழுவார்கள் என்றோ அடிப்பார்கள் என்றோ எதிர்பார்த்தேன். பாலம்மாள் அவரை இரக்கமாகப் பார்த்தாள்.

"சீனியண்ணே, அது எங்களுக்குத் தெரியாதாக்கும்?"

"தெரியுமா?"

"செவ்வாக்கெழம தகடு பதிச்சுட்டு வியாழக்கெழம வந்து அம்மன் எறங்கிட்டான்னு சொன்னீக. ஒங்க மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுது. ஆனா இவ இருக்காளே, கருப்பி, இவ அவசரக்காரி. நான் தொடுன்னா தொட மாட்டா, அம்மன் கோவிப்பான்னா தொடுவா. இவ தொடாம வந்து தீப்புடிச்சா போறது என் உசுருந்தானே? அதான் நானும் ஆமாம் போட்டேன்."

"நானும் ஒனக்காகத்தான் தொட்டேன்" என்றாள் கருப்பம்மாள், அடிபட்ட குரலில். "நீ பயபக்தியாத் தொடுதியே, ஒன் நம்பிக்கையக் கெடுப்பானேன்னு."

மற்ற இருவரும் வேறு பக்கம் பார்த்தார்கள். நாலு பேரில் ஒருத்தி கூட நம்பவில்லை, நாலு பேரும் ஒன்பது வருஷமாகத் தவறாமல் தொட்டிருக்கிறார்கள். நான் மூன்று வாரமாகச் சுவரில் ஒட்டிவந்த பாதுகாப்பு நோட்டீஸ்களை நினைத்துக்கொண்டேன். அவற்றை யாரும் படித்ததாகக்கூட எனக்குத் தகவல் இல்லை.

"பத்து மாசமா" என்று தனக்குள் சொன்னாள் பாலம்மாள். பிறகு முதலாளியை ஒரு பார்வை பார்த்தாள். அவர் மறுபடி தொட்டியை நோக்கி நடந்தார். அவள் மாலையைக் கழற்றிக் கருப்பம்மாள் கையில் கொடுத்தாள். படத்தின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, 'டர்ர்' என்று ஒரே இழுப்பாக இழுத்தாள். பூ சொன்ன உத்தரவை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. படத்தைக் கவனமாகத் துடைத்துச் சீனிச்சாமியிடம் கொடுத்து, ஆபீஸ் முகப்பில் மாட்டச் சொன்னாள்.

கிளிப்பை மாட்டினேன். 0.02.

"அறுநூறு ஓம். இன்னும் நெறைய இருக்கு" என்றேன். பசை, அதன் அடியில் எட்டு ஆயுத பூஜைச் சந்தனம், அதன் அடியில் எண்ணெய்ப் பிசுக்கு. தகடு இன்னும் வெளியே தெரியவில்லை.

"செம்புதானே? புளி போட்டாப் போகாதா?" என்று கருப்பம்மாள் தூக்குவாளியைத் திறந்தாள். அடியில் புளிக்குழம்பின் சக்கை கிடந்தது. என் டிப்ளமோவில் இப்படி ஒரு பாடம் இல்லை. நாலு பேரும் மாறி மாறித் தேய்த்தார்கள். கழுவிவிட்டு அளந்தேன். 0.1.

"எம்புட்டு?" என்றாள் பாலம்மாள்.

"நூத்திருபது."

"அதெப்படி?"

"பன்னெண்ட 0.1-ஆல வகுக்கணும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பன்னெண்டு ரூவாய்க்குப் பத்துப் பைசா முட்டாய் எத்தன? நூத்திருபது. இம்புட்டுத்தானா? இதுக்கா அரை மணி நேரமா எங்களுக்குப் படிச்சுக் காட்டுனீக?"

மறுபடி தேய்த்தார்கள். மீட்டர் 0.3 காட்டியது. நான் வாயைத் திறக்கும் முன் "நாப்பது முட்டாய்!" என்று நாலு குரல் கேட்டது. இன்னும் ஒரு தேய்ப்பு. செம்பு சிவந்து தெரிந்தது. 0.6.

"இருபது!"

எனக்குச் சந்தோஷம்தான், அதைச் சொல்ல வெட்கமில்லை. ரிஜிஸ்டரில் பதினோராம் ரூமுக்கு நேராக இருபது ஓம் என்று எழுதினேன். அதே இருபதுதான், ஆனால் இது உண்மையான இருபது.

"முடிஞ்சுதுல்ல? கையெழுத்தப் போடு" என்று முதலாளி அருகே வந்தார்.

"முடியல" என்றாள் பாலம்மாள். அவள் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தகடு தேறிருச்சு. இதுல மனுசரையும் அளக்கலாமா?"

"அளக்கலாமே" என்றேன் உற்சாகமாக. "மீட்டர மட்டும் ரொம்பச் சின்ன அளவுக்கு மாத்திக்கணும்."

அவள் ஒரு கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு கழுவிய தரையில் நின்றாள். மீட்டர் லேசாக அசைந்தது. கணக்குப் போட்டால் நாற்பதாயிரம் ஓம். பத்து லட்சத்துக்குக் கீழே இருந்தால் போதும், நடக்க நடக்கவே உடம்பில் சேர்வது பாதம் வழியாக வடிந்துவிடும் என்று விளக்கினேன். அதற்காகத்தான் ரூமுக்குள் யாரும் செருப்புப் போடக் கூடாது என்று விதியே இருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னேன்.

"இப்ப நீங்க பிடிங்க" என்றாள்.

வாங்கிப் பிடித்தேன். பூஜ்யம்.

கம்பியை ஆட்டினேன். பூஜ்யம். பாலம்மாள் மீட்டரைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தாள். நானும் குனிந்து பார்த்தேன். முதல் நாள் வேலைக்கு வருவதற்காக விருதுநகர் பஜாரில் வாங்கிய ஷூ. அடிப்பாகம் ஒரு விரல் தடிமனுக்கு ரப்பர்.

"பன்னெண்டு ரூவாய்க்குச் சைபர் பைசா முட்டாய்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. "நீங்க வேலைக்கு வந்து மூணு வாரம். தெனம் ரெண்டு தடவ உள்ள வருவீக. நாங்க மருந்து அடைச்சுக்கிட்டு இருக்கும்போதும் வந்தீக. எங்க பின்னால நின்னு குனிஞ்சு பாத்தீக. அம்மனையும் ஒரு நாள் தொட்டதில்ல. சூப்பர்வைசருக்கு எதுக்குன்னு நாங்களும் விட்டுட்டோம்."

அந்த நாலு பேரின் பிடரிக்கு மேலே குனிந்து நின்ற நாட்களை எண்ணிப் பார்த்தேன். கோபப்பட ஆள் கிடைக்கவில்லை. பயமாக இருந்தது. வெட்கமாக இருந்தது.

ரிஜிஸ்டரில் கடைசி ரூமுக்குக் கீழே இன்னொரு வரி எழுதினேன். பாதுகாப்பு மேற்பார்வையாளர், ஷூவுடன்: கரண்ட் பூஜ்யம். தேறவில்லை. அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். எட்டிப் பார்த்த முதலாளி அதைப் படித்தார், பிறகு தன் பளபளக்கும் கறுப்பு ஷூவைப் பார்த்தார். குனிந்து கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

நானும் கழற்றினேன். ஆவணி மாத வெயிலில் மண் அடுப்பாகக் கொதித்தது. ஒரு காலை மாற்றி ஒரு கால் குதித்துக்கொண்டே வாசலுக்கு வந்தேன். பாலம்மாள் வழியை மறித்து நின்றாள்.

"தொடு தாயி."

தொட்டேன். செம்பு சூடாக இருந்தது. அவள் ஒதுங்கி வழிவிட்டாள். உள்ளே மருந்து இல்லை, ஆளில்லை, பார்க்க வேண்டிய வேலை எதுவுமே இல்லை. இருந்தாலும் போனேன்.